பெர்செஃபனிக்கு முந்நூறு உயிர்ப்புள்ளி

ஆர்ஹுஸ், 14 அக்டோபர் 1990

மெரெத்தெ,

உறைமேல் என் கையெழுத்தைப் பார்த்த பிறகும் பிரித்துப் படிக்கிறாய் என்றால் எனக்குப் பாதி வெற்றி. பதினாலு மாதமாக நீ என்னோடு பேசவில்லை. போன செவ்வாய் தொலைபேசியில் கூப்பிட்டேன். "சபை அலுவலகம்" என்றாய். "நான்தான்" என்றேன். வைத்துவிட்டாய். அதனால்தான் இந்தத் தபால்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். விபெகெயின் பல் மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் பதினொரு வருடம் சனிக்கிழமை தவறாமல் உட்கார்ந்து பகடை உருட்டி நாம் ஆடிய பாதாள உலகக் கதை ஆட்டம் புத்தகமாக வரப்போகிறது. ஓடென்ஸில் மூன்று பேர் சேர்ந்து நடத்தும் சின்னப் பதிப்பகம். ஈஸ்டர் விடுமுறையில் இங்கே ஆட்டக்காரர்கள் மாநாடு நடக்கும் அல்லவா, அதற்குள் அச்சாக வேண்டும். நாற்பத்தாறு பக்கம் முடித்துவிட்டேன். ஆறுகள் இருக்கின்றன, பேய்கள் இருக்கின்றன, மூன்று தலை நாய் இருக்கிறது. கிரேக்கப் புராணத்து ராணி மட்டும் சரியாக அமையவில்லை.

எழுதிய பக்கத்தை இதோடு வைத்திருக்கிறேன். பெர்செஃபனி, பதினாறு வயது, பொன்னிறக் கூந்தல். பாதாள ராஜா தூக்கிக்கொண்டு வந்து சங்கிலியில் கட்டிவைத்திருக்கிறான். அழுதபடி, வீரர்கள் வந்து மீட்பதற்காகக் காத்திருக்கிறாள். ஃப்ளெம்மிங்கிடம் படிக்கக் கொடுத்தேன். நூலகத்தில் வேலை பார்ப்பவன், நாசூக்காகச் சொல்வான் என்று நம்பினேன். "தோர்கில், இது ராணி இல்லப்பா. கடைசி பஸ்ஸ விட்ட பள்ளிக்கூடப் பொண்ணு" என்றான். அக்ஸெல் பஸ் ஓட்டுகிறவன். அவன் அதற்கு அரை மணி நேரம் சிரித்தான்.

நம்மில் கிரேக்கம் தெரிந்தவள் நீ ஒருத்திதான். போதகர் படிப்பில் ஆறு வருடம் அந்த மொழியோடு மல்லுக்கட்டினாய். இந்த ஒரு பக்கத்தை மட்டும் நீ எழுதித் தர வேண்டும்.

அந்த இன்னொரு விஷயம் எனக்கும் வருத்தம்தான். பகடை அப்படி விழுந்துவிட்டது.

தோர்கில்


ஏரோ தீவு, 22 அக்டோபர் 1990

தோர்கில்,

உன் கடிதத்தை அடுப்பில்தான் போட்டேன். அடுப்பு அணைந்திருந்தது. எனவே மறுபடி எடுத்துப் படிக்கும்படி ஆயிற்று.

"அந்த இன்னொரு விஷயத்துக்கு" ஒரு பெயர் உண்டு. மால்வா. பதினொரு வருடம் ஆட்டத்தில் நான் நடத்திய பாத்திரம். ஒற்றைக் கண், கள்ளக்கடத்தல், வாயைத் திறந்தால் வசவு. எனக்கு இந்தச் சபை கிடைத்துத் தீவுக்கு வந்த இரண்டாம் மாதம் உன் தபால் அட்டை வந்தது. "மால்வா செத்துவிட்டாள். பாலம். வருத்தம்." நாலே வார்த்தை. முன்பின் பார்த்திராத மனிதர் இறந்தால்கூட அவர் வீட்டுக்கு நான் ஒரு பக்கம் எழுதுகிறேன்.

நம் மேஜையின் வழக்கம் மறந்துபோயிற்றா? அன்றைக்கு வராதவர்களின் பாத்திரம் முகாமிலேயே தங்கிக் கழுதைகளைப் பார்த்துக்கொள்ளும். அக்ஸெலுக்கு இரண்டாவது குழந்தை பிறந்தபோது அவனுடைய மாவீரன் ஒரு வருடம் கழுதை மேய்த்தான். விபெகெ முதுகுவலியில் படுத்தபோது அவளுடைய மந்திரக்காரி கழுதைக்குக் கொள்ளு வைத்தாள். கழுதைகளோடு இருந்தவர் ஒருவருக்கும் இதுவரை ஒரு கீறல் விழுந்ததில்லை. மால்வா மட்டும் பாலத்துக்கு எப்படிப் போனாள்? அவளை நடத்தியது யார்?

ஆட்டத்தைத் திங்கட்கிழமைக்கு மாற்றுங்கள், போதகர்களுக்கு அன்றுதான் விடுமுறை என்று அப்போதே கேட்டேன். "சனிக்கிழமைன்னா சனிக்கிழமைதான், மெரெத்தெ" என்றாய். அதையும் மறக்கவில்லை.

இனி உன் ராணி. சங்கிலியும் இல்லை, அழுகையும் இல்லை. பூப்பறிக்கப் போன இடத்தில் தூக்கிக்கொண்டு போனார்கள் என்பது கதையின் முதல் அத்தியாயம். நீ அதோடு புத்தகத்தை மூடிவிட்டாய். பிறகு அவள் அந்த வீட்டையே கையில் எடுத்துக்கொண்டாள். செத்தவர்கள் நடுங்குவது அவளைப் பார்த்து. புருஷன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான், அவ்வளவுதான். பழைய கிரேக்கர்கள் அவள் பெயரை வாய்விட்டுச் சொல்லக்கூடப் பயந்தார்கள்.

எழுதித் தருகிறேன். உனக்காக இல்லை, அவளுக்காக. ஒரே நிபந்தனை, அவளுக்கு உயிர்ப்புள்ளி போடாதே. எத்தனை அடியில் சாவாள் என்று எண் போட்டால் அடிப்பார்கள், தோர்கில். அக்ஸெல் எதிரில் எண்ணோடு எது நின்றாலும் அவன் அடிப்பான். நீ ஒரு முறை கலங்கரை விளக்கத்துக்கு எண் போட்டாய், நினைவிருக்கிறதா?

மெரெத்தெ


ஆர்ஹுஸ், 2 நவம்பர் 1990

மெரெத்தெ,

நன்றி. மனதாரச் சொல்கிறேன். சண்டைக்காரி கையால் வந்தாலும் உதவி உதவிதான்.

ஆனால் எண் விஷயத்தில் என் கஷ்டத்தையும் கேள். புத்தகத்தில் ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் ஒரு கட்டம் இருக்கிறது. வலிமை, தந்திரம், உயிர்ப்புள்ளி. நாய்க்கு இருக்கிறது. படகுக்காரனுக்கு இருக்கிறது. ஆற்றங்கரை வௌவாலுக்குக்கூட நாலு உயிர்ப்புள்ளி இருக்கிறது. ராணிக்கு மட்டும் வெறுங்கட்டம் விட்டால், அச்சில் விட்டுப்போயிற்று என்று நாடு முழுவதிலிருந்தும் கடிதம் எழுதுவார்கள். நம் ஆட்களைப் பற்றி உனக்குத் தெரியாததா? முந்நூறு என்று போட்டுவிடுகிறேன். முந்நூறை எவன் தாண்டப்போகிறான்?

கலங்கரை விளக்கம் ஒரு விதிவிலக்கு.

மால்வாவை நடத்தியது நான்தான். யாராவது ஒருவர் நடத்த வேண்டியிருந்தது. அன்றைக்குப் பாலத்தைக் கடக்க எல்லோரும் தேவைப்பட்டார்கள். பகடையில் ஒன்று விழுந்தது. ஒன்று விழுந்தால் விழுந்ததுதான். ஆட்டத்தலைவன் என்ற முறையில் நான் வேறென்ன செய்ய முடியும்? பதினொரு வருடத்தில் நம் மேஜையில் செத்த ஒருவரும் திரும்பி வந்ததில்லை. மற்ற மேஜைகளில் மருந்து குடித்து எழுந்துவிடுகிறார்கள், இரண்டாம் பிறவி எடுக்கிறார்கள். நம்மிடம் அந்தக் கூத்து கிடையாது, அதுதான் நமக்குப் பெருமை. அந்தப் பெருமையை உனக்காக உடைத்தால் மற்றவர்கள் என்னை மதிப்பார்களா?

உன் தொழிலில் செத்தவர் எழுந்து வருவதற்கு இடமுண்டு. என் மேஜையில் இல்லை. கோபித்துக்கொள்ளாதே.

தோர்கில்


ஏரோ தீவு, 19 நவம்பர் 1990

தோர்கில்,

பக்கம் இத்துடன் இருக்கிறது. ஒரு சொல்லை மாற்றினாலும் எனக்குத் தெரிந்துவிடும்.

தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது சபைக் குழுத் தலைவி டாக்மார் அம்மா கிறிஸ்துமஸ் மெழுகுவர்த்திகளோடு உள்ளே வந்தார். இயந்திரத்தில் இருந்த தாளை எட்டிப் பார்த்தார். "போதகரம்மா, இது ஞாயித்துக்கிழமைப் பிரசங்கமா?" என்றார். இல்லை, ஆட்டம் என்றேன். ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, நான் இதைச் செய்கிறேன், அதைச் செய்கிறேன் என்பார்கள், நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும் என்று விளக்கினேன். அவர் யோசித்துவிட்டு, "நம்ம சபைக் குழு மாதிரியா?" என்றார். "அப்படியேதான், ஆட்டத்துல பகடை இருக்கு, அவ்வளவுதான்" என்றேன்.

ராணியைப் பற்றி நான் எழுதியிருப்பது இதுதான். அவள் சண்டை போடுவதில்லை. அவளுக்கு அது தேவையில்லை. மேஜையில் யாராவது அவள் பெயரை வாய்விட்டுச் சொன்னால் ஆட்டத்தலைவன் எதுவும் பேசாமல் ஒரு சிவப்பு அவரை விதையை அவர் முன்னால் வைப்பான். ஏன் என்று சொல்லமாட்டான். மூன்று விதை சேர்ந்தவர்களை அவள் தன் முன்னே அழைத்துக்கொள்வாள். வந்தவர்களிடம் ஒரே கேள்விதான் கேட்பாள். "யாருக்காக வந்தாய்?" உண்மை சொன்னவனோடு பேசுவாள். பொய் சொன்னவனைத் தன்னோடு வைத்துக்கொள்வாள்.

இன்னொன்று. அவள் செத்தவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். புருஷனுக்குப் பதிலாகச் செத்த ஒருத்தியை மேலே அனுப்பினாள் என்று ஒரு பழங்கதை இருக்கிறது. ஒரு பாடகன் வந்து பாடியபோது மனமிரங்கி அவன் மனைவியை விட்டுக்கொடுத்தாள், அவன் திரும்பிப் பார்த்துக் கெடுத்துக்கொண்டான். சாவின் ராணியே இரண்டு முறை இரங்கியிருக்கிறாள். நீ ஒரு முறைகூட இரங்கமாட்டாய். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்களே, அந்தப் பூசாரியை நான் பதினொரு வருடம் பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஒரு விளையாட்டுப் பாத்திரத்துக்காக இவள் ஏன் இப்படிக் குதிக்கிறாள் என்று நினைப்பாய். சொல்லிவிடுகிறேன். இந்தத் தீவில் எல்லோரும் என்னிடம் அன்பாக இருக்கிறார்கள். நான் கடைக்குள் போனால் பேச்சைக் குறைத்துக்கொள்கிறார்கள். யாரும் என்னைத் திட்டுவதில்லை, என்னால் யாரையும் திட்ட முடிவதில்லை. வாரத்தில் ஒரு நாள் நான் மால்வாவாக இருந்து உங்கள் நாலு பேரையும் வாய்க்கு வந்தபடி ஏசுவேன், நீங்களும் திருப்பி ஏசுவீர்கள். இங்கே வந்த பிறகு அது இல்லை. என்றைக்காவது ஒரு நாள் அந்த மேஜைக்குத் திரும்பலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீ அவளைக் கொன்றுவிட்டு நாற்காலியையும் எடுத்துவிட்டாய்.

எண் போடாதே.

மெரெத்தெ


ஆர்ஹுஸ், 13 ஜனவரி 1991

மெரெத்தெ,

உன் பக்கம் கிடைத்து எட்டு வாரம் ஆகிறது. பதில் எழுதாததற்குக் காரணம், நாலு முறை எழுதிக் கிழித்ததுதான். இப்போது எழுதியே தீர வேண்டிய நிலைமை. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிட்டது.

எண் போட்டேன். முந்நூறு.

நேற்று சனிக்கிழமை, உன் பக்கத்தை ஆடிப் பார்த்தோம். ஆரம்பம் அமர்க்களமாக இருந்தது. உன் அவரை விதைகள் அப்படி வேலை செய்தன. முதல் பத்து நிமிடத்திலேயே அக்ஸெல், "யாருடா அந்த பெர்செஃபனி?" என்றான். ஒரு விதை வைத்தேன். "எதுக்கு விதை? பெர்செஃபனின்னு சொன்னதுக்கா?" என்றான். இரண்டாவது. விபெகெ, "வாய மூடு அக்ஸெல், அந்தப் பேர சொல்லாத" என்றாள். "எந்தப் பேர, பெர்செஃபனியா?" என்றான். மூன்று. அவனோடு சேர்ந்து எல்லோரும் ராணியின் முன்னால் போய் நின்றார்கள்.

நான் எழுந்து நின்று, நீ எழுதியபடியே மெல்லிய குரலில், "யாருக்காக வந்தாய்?" என்றேன். அக்ஸெலிடமிருந்து ஏதாவது கிண்டல் வரும் என்று பார்த்தேன். அவன் விபெகெயைப் பார்த்தான். விபெகெ சொன்னாள். "மால்வாவுக்காக."

அவர்கள் முன்பே பேசி வைத்திருக்கிறார்கள், மெரெத்தெ. மூன்று பேரும். எனக்குத் தெரியாமல்.

உண்மை சொன்னவர்களோடு ராணி பேச வேண்டும். செத்தவரை விடலாம் என்றும் உன் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் என் வாயில், "தர முடியாது" என்று வந்துவிட்டது. பழக்க தோஷம்.

அக்ஸெல் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டான். "ராணிக்கு எத்தன உயிர்ப்புள்ளி?"

"அதெல்லாம் சொல்ல மாட்டேன்."

"அப்போ இருக்கு" என்றான்.

அவ்வளவுதான். விபெகெ வரவேற்பு மேஜையிலிருந்து நோயாளிகளுக்குத் தேதி எழுதும் பெரிய நோட்டைக் கொண்டுவந்து கழித்தல் கணக்குப் போட ஆரம்பித்தாள். ஃப்ளெம்மிங் ஒன்பது வருடமாகச் செலவழிக்காமல் ஒரு மந்திர அம்பு வைத்திருந்தானாம். நூலகத்தில் கடனாகக் கொடுத்த புத்தகத்தைப் போல, அதற்குத் தேதி போட்டுத் தாளில் குறித்து வைத்திருந்தான், நான் மறுக்க முடியவில்லை. மூன்று மணி நேரம் அடித்தார்கள். அவள் சண்டை போடுவதில்லை என்று நீ எழுதியிருந்தாய், அதனால் அவள் திருப்பி அடிக்கவும் இல்லை. நான் என் விதிப்படி எண் போட்டேன், உன் விதிப்படி அவளைச் சண்டை போட விடவில்லை. இரண்டுக்கும் நடுவில் ராணி செத்தாள்.

கடைசி அடி விழுந்ததும் யாரும் கைதட்டவில்லை. ஃப்ளெம்மிங் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "செத்தவங்க எல்லாம் இவகிட்ட போவாங்க. இவ எங்க போவா?" என்றான்.

விபெகெ, "அதெல்லாம் அப்புறம். மால்வாவ குடு" என்றாள்.

"யாரு குடுக்கறது? விடறதுக்கு அதிகாரம் இருந்தது ஒருத்திக்குத்தான். அவளத்தானே இப்ப கொன்னீங்க" என்றேன்.

அக்ஸெல், "அத முன்னாடியே சொல்லக் கூடாதாடா?" என்றான். பிறகு என்னையே எல்லோரும் திட்டினார்கள்.

பிப்ரவரி பதினைந்துக்குள் பதிப்பகத்துக்குப் பிரதி போக வேண்டும். மூன்று பேர் சாயந்திரத்துக்குள் கொல்லக்கூடிய ராணியை நான் அச்சில் எப்படிப் போடுவேன்? எங்கள் மேஜையிலோ பாதாளத்துக்குத் தலைமையே இல்லை. என்ன செய்ய வேண்டும் என்று நீயே சொல். சொன்னபடி செய்கிறேன்.

தோர்கில்


ஏரோ தீவு, 18 ஜனவரி 1991

தோர்கில்,

இந்த வாரம் இரண்டு அடக்கம். இரண்டாவதை முடித்து வந்து, அங்கியைக்கூடக் கழற்றாமல் உன் கடிதத்தைப் பிரித்தேன். "அப்போ இருக்கு" என்ற இடத்தில் சிரித்தேன் பார், டாக்மார் அம்மா சமையலறையிலிருந்து ஓடிவந்து, "போதகரம்மா, தண்ணி கொண்டுவரட்டா?" என்று கேட்டார். துக்க வீட்டார் இன்னும் பக்கத்து அறையில் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். இருமல் என்று சொல்லிச் சமாளித்தேன்.

எண் போடாதே என்று இரண்டு முறை சொன்னேன். இனி அதைப் பற்றிப் பேசப்போவதில்லை. உன் முகத்தை நினைத்துப் பார்த்தாலே போதும்.

பிறகு, "மால்வாவுக்காக" என்ற வரியை மறுபடி படித்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. விபெகெ எனக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்துகூட அனுப்பவில்லை. அவர்கள் எல்லோரும் என்னை மறந்துவிட்டார்கள் என்று இந்தப் பதினேழு மாதமும் நம்பிக்கொண்டிருந்தேன்.

பாதாளத்துக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பதில் தயாராக இருக்கிறது. ஆனால் இப்போது தரமாட்டேன். பாதாளத்தில் இப்போது கேள்வி கேட்பதற்கு ஆளில்லை, அதனால் அவள் இடத்தில் நின்று நான் கேட்கிறேன். மால்வா பாலத்தில் ஏன் இருந்தாள்? எல்லோரும் தேவைப்பட்டார்கள் என்று எழுதியிருந்தாய். அது பொய். அந்தப் பாலத்தின் வரைபடத்தை உனக்குப் போட்டுக்கொடுத்தவள் நான். அதைக் கடக்க இரண்டு பேர் போதும்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதே. எனக்கு உண்மை வேண்டும். அது எவ்வளவு மோசமாக இருந்தாலும் கேட்டுக்கொள்வேன். தினமும் கேட்கிற வேலைதான் பார்க்கிறேன்.

மெரெத்தெ


ஆர்ஹுஸ், 27 ஜனவரி 1991

மெரெத்தெ,

ஒன்பது நாள் எடுத்துக்கொண்டேன். சொல்கிறேன்.

நீ போன பிறகு முதல் சில சனிக்கிழமைகள் வழக்கப்படி மால்வா கழுதைகளோடு இருந்தாள். ஆனால் கழுதை மேய்ப்பது அடுத்த வாரம் வருகிறவர்களுக்கான வேலை. நீ அடுத்த வாரமும் வரமாட்டாய் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் அதைச் சொல்லவில்லை. முகாமுக்குத் திரும்பும்போதெல்லாம் விபெகெ, "மால்வா என்ன சொல்றா?" என்று கேட்பாள். நான் உன் குரலில் பதில் சொல்ல வேண்டும். முதல் வாரம் சொன்னேன், சிரித்தார்கள். இரண்டாம் வாரம் மரியாதைக்குச் சிரித்தார்கள். மூன்றாம் வாரம் ஏதோ ஒரு வசவைச் சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தேன், மூன்று பேரும் அறை மூலையில் இருந்த மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உன் வசவு எனக்கு வரவில்லை. நீ ஏசினால் அடுத்த நிமிடம் எதையாவது கொடுக்கப்போகிறாய் என்று தெரியும். நான் ஏசினால் வெறும் ஏச்சாகத்தான் கேட்டது.

நாற்காலி காலியாக இருந்தால் சகித்திருப்பேன். அதில் நானே உன்னைப் போல வேஷம் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஏழாவது சனிக்கிழமை அவளைப் பாலத்துக்குக் கொண்டுபோனேன்.

பகடையை உருட்டவே இல்லை. கையை மூடிக் குலுக்கினேன், உள்ளே பார்த்தேன், "ஒண்ணு" என்றேன். பதினொரு வருடத்தில் அந்த மேஜையில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.

திங்கட்கிழமை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நாள் மாற்றினால் குழு உடைந்துவிடும் என்றேன். அதெல்லாம் சாக்கு. நீ எங்களைக் கேட்காமல் தீவுக்கு விண்ணப்பம் போட்டாய், கிடைத்த பிறகுதான் சொன்னாய். நீ போனது எனக்குப் பொறுக்கவில்லை. போகிறவளுக்காக நான் ஏன் நாளை மாற்ற வேண்டும் என்று இருந்தது. நீ எனக்கு மிகவும் வேண்டியவள், மெரெத்தெ. அதைச் சொல்லியிருக்கலாம். பாலத்திலிருந்து தள்ளிவிட்டேன்.

நேற்று எல்லோரிடமும் இதைச் சொல்லிவிட்டேன். அக்ஸெல், "அடப்பாவி, உருட்டவே இல்லையா?" என்றான். அவனுக்குக் கொலைகூடப் பெரிதில்லை, பகடைதான் பெரிது. விபெகெ நோட்டை எடுத்து, ஏப்ரலில் இருந்த என் கடைவாய்ப் பல் சிகிச்சையைப் புதன்கிழமைக்கு மாற்றிவிட்டாள். மரத்துப்போக ஊசி உண்டா என்று கேட்டேன். "பகடை உருட்டிப் பாப்போம்" என்றாள்.

அக்ஸெல் தன் திங்கட்கிழமை முறையை வேறொருவரோடு மாற்றிக்கொண்டான். ஃப்ளெம்மிங் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டான். இனி திங்கட்கிழமை ஆடுவோம். மால்வாவை உயிரோடு எழுப்பு. எப்படி வேண்டுமானாலும், எந்த விதியில் வேண்டுமானாலும் எழுப்பு. என் பெருமையை நானே உடைத்துக்கொள்கிறேன். நீ வந்தால் போதும்.

தோர்கில்


ஏரோ தீவு, 4 பிப்ரவரி 1991

தோர்கில்,

உன் கடிதத்தைப் படித்து ஒரு நாள் முழுக்க உன்மேல் கோபமாக இருந்தேன். அடுத்த நாள் அழுதேன். உங்களைக் கேட்காமல் விண்ணப்பம் போட்டது நான் செய்த தப்பு. கேட்டால் போகாதே என்பீர்கள், நானும் போகாமல் இருந்துவிடுவேன் என்று பயந்தேன். நீயும் பொறுத்துக்கொள், நானும் பொறுத்துக்கொள்கிறேன். பல் எப்படி இருக்கிறது?

முதலில் புத்தகம். கட்டத்தை வெறுமையாக விடாதே, அழித்துவிடு. அவள் பக்கத்தில் கட்டமே இருக்கக் கூடாது. விட்டுப்போயிற்று என்று யாராவது கடிதம் எழுதினால் என் முகவரியைக் கொடு. முந்நூறு போட்டு ஆடிப் பார்த்த மேஜையில் என்ன நடந்தது என்று நான் பதில் எழுதுகிறேன்.

அடுத்தது நம் மேஜை. அக்ஸெல் தன்னை இனிப் பாதாள ராஜா என்று அழைக்கும்படி கேட்கிறானாம், விபெகெ எழுதியிருக்கிறாள். அவனிடம் சொல், இது நோன்புக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் பீப்பாய் அடிக்கிற விளையாட்டு இல்லை, கடைசிப் பலகையை உடைத்தவன் தலையில் கிரீடம் வைப்பதற்கு. ராணியைக் கொன்றவனுக்கு அந்த அரியணை கிடையாது. அவன் உயிரோடு இருக்கிறான், அதுவே அவனுக்குத் தகுதிக் குறைவு.

இப்போது என் தீர்ப்பு. பாதாளத்தை ஆளச் செத்தவள் ஒருத்தி வேண்டும். தலைமை இல்லாத இடத்தில் யாரும் சொல்லாமலேயே வேலையைத் தொடங்குகிறவள் வேண்டும். யாருக்கும் பயப்படாதவளாக, ஆற்றில் வந்து விழுகிறவர்களைத் திட்டிக்கொண்டே கரையேற்றி விடுகிறவளாக இருக்க வேண்டும். பாலத்திலிருந்து நீ தள்ளிவிட்ட நாளிலிருந்து ஒருத்தி அங்கே அதைத்தான் செய்துகொண்டிருக்கிறாள். ராணி விழுந்த அன்று சாயந்திரம் மால்வா அரியணைக்கு முன்னால் கிடந்த உங்கள் அம்புகளைப் பொறுக்கி ஓரமாக வைத்தாள், நாய்க்குச் சோறு போட்டாள், உட்கார்ந்தாள். யாரும் மறுத்துப் பேசவில்லை.

எழுந்து வா என்கிறாய். அவளால் முடியும், இப்போது விடுகிற அதிகாரமே அவளுடையது. நான் நிறைய யோசித்தேன். அவள் வரமாட்டாள். இங்கே நான் அடக்கம் செய்கிறவர்களின் வீட்டார் எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறார்கள், அங்கே தெரிந்தவர்கள் யாராவது இருப்பார்களா என்று. எனக்கு அதற்குச் சரியான பதில் தெரியாது, நம்புகிறேன் என்று மட்டும் சொல்கிறேன். உங்கள் நாலு பேருக்காவது அந்த ஆட்டத்தில் உறுதியாகச் சொல்ல முடிகிறதே. நீங்கள் ஆடுகிற லட்சணத்துக்கு ஒவ்வொருவராக அங்கே வந்து சேரத்தான் போகிறீர்கள். வாசலில் உங்களைத் தெரிந்த ஒருத்தி உட்கார்ந்திருக்கட்டும்.

அதனால் ராணியின் முதல் கட்டளை. மார்ச் நாலாம் தேதி, திங்கட்கிழமை, நாலு பேரும் ஸ்வென்போர்க்கில் காலைப் படகைப் பிடித்து இந்தக் கரைக்கு வந்து சேருங்கள். போதகர் வீட்டில் பதினாறு பேர் உட்காரும் மேஜை இருக்கிறது. டாக்மார் அம்மா ஒரு ஓரத்தில் உட்கார்ந்து பார்ப்பாராம், சபைக் குழுவுக்கு உதவும் என்கிறார். நீ கதையை நடத்து, பாதாளத்துக்கு மேலே இருக்கும் எல்லாவற்றுக்கும் நீதான் தலைவன். கீழே வந்ததும் பேசுவது நான். பகடையை எல்லோரும் பார்க்க மேஜைமேல் உருட்ட வேண்டும்.

உன் மேஜையில் செத்த ஒருவரும் திரும்பி வந்ததில்லை என்று பெருமைப்பட்டாய். அந்தப் பெருமை உனக்கே இருக்கட்டும், தோர்கில். நான் திரும்பி வரவில்லை. நீங்கள்தான் என்னிடம் வருகிறீர்கள்.

மெரெத்தெ